போன் போடுங்க என்ற வரி

"இத்தனை பேர் பார்த்திருக்காங்கன்னா, இவிங்க எல்லாம் நம்ம கடைக்கு வந்தவிங்களா தம்பி?"

கேட்டவர் கிரைண்டர் கடைக்கார அண்ணா. அவர் கடையின் இணையதளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருவது என் வேலை. மாத அறிக்கையை அவர் மேசையில் விரித்து வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் இம்ப்ரெஷன் கோடு, அதாவது தேடலில் நம் பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்பது, ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தொட்டு உள்ளே வந்தவர்களைக் காட்டும் கிளிக் கோடு இரண்டாம் பக்கத்தில், சின்னதாக. அந்த வரிசையை அமைத்தவன் நான்தான். அண்ணா என் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிராயரிலிருந்து தன் நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கடைக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் அவர் ஒரு கோடு போட்டு வைப்பார். நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு கட்டாவது இருக்கும். அந்த மாதத்தில் பல நாட்கள் ஒரு கட்டே நிரம்பவில்லை.

"வருவாங்கண்ணா. இப்பப் பேரு பரவுது. அப்புறம் வருவாங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். டீ சொன்னார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். நடந்தது இவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை, கணக்கு முடிக்கவில்லை, மாதப் பணம் வழக்கம்போல் வந்தது. ஆனாலும் அந்த "வருவாங்க" ஆறு மாதமாக என்னை விடவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படித்திருந்தேன். 2025 ஜூலையில் வந்தது. அமெரிக்காவில் 900 பேரின் மார்ச் மாதத் தேடல்களை வைத்துப் பார்த்திருந்தார்கள். கூகுளில் மேலே ஏஐ எழுதித் தரும் சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் கீழே இருக்கும் வழக்கமான முடிவு ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள். சுருக்கம் வராத தேடல்களில் அது 15 சதவீதம். கோயம்புத்தூரில் கிரைண்டர் தேடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் என் கையில் இருந்த கோடுகளும் அதே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் "வருவாங்க" என்றேன்.

அந்தக் கடையின் இணையதளத்தில் ஒரே ஒரு பக்கம்தான் எல்லா வேலையையும் செய்துகொண்டிருந்தது. கிரைண்டர் கல்லைக் கொத்த வேண்டுமா, வேண்டாமா என்ற பக்கம். 2019இல் தளம் போட்டபோது அண்ணாவை எழுதச் சொன்னால் நடக்காது என்று போன் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேசச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினார். ஊத்துக்குளிக் கல்லின் கெட்டி எப்படி, புதுக் கிரைண்டரில் முதலில் ஏன் பழைய அரிசியைப் போட்டு ஆட்டிக் கொட்ட வேண்டும், மாவு சூடாகி இறங்கினால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், எல்லாம் வந்தது. நடுவே ஒன்று சொன்னார்: "உளுந்து பொங்கலைன்னா எல்லாரும் கல்லைத்தான் குறை சொல்லுவாங்க. பாதிப் பேருக்குக் கல்லு நல்லாத்தான் இருக்கும். உளுந்துதான் பழசு. கல்லை எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி வேற கடையில கால் கிலோ உளுந்து வாங்கி ஒருக்கா ஆட்டிப் பாருங்க." கடைசியில், "எதுக்கும் ஒரு போன் போடுங்க. கிரைண்டரை ஓடவிட்டுப் போனைப் பக்கத்துல வெச்சீங்கன்னா சத்தத்தைக் கேட்டே சொல்லிருவேன்."

அப்படியே எழுதிப் போட்டேன். ஒரு கட்டுரைக்குரிய வடிவமே அதில் இல்லை. ஆனாலும் அது முதல் பக்கத்தில் நின்றது, வருடக்கணக்கில்.

அந்தப் பக்கம் செய்த வேலை என்ன என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அதைப் படித்துவிட்டுப் போன் செய்கிறவர்களில் பலரிடம் அண்ணா "கொத்த வேண்டாம்" என்றுதான் சொல்வார். நான் கடையில் உட்கார்ந்திருந்த நாட்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சத்தத்தைக் கேட்பார், இரண்டு கேள்வி கேட்பார், "வேண்டாங்க, காசைக் கெடுக்காதீங்க" என்பார். அந்த அழைப்பில் பத்துப் பைசா வராது. ஆனால் அதே ஆள் மூன்று வருடம் கழித்து மகளுக்குச் சீர் கொடுக்க டேபிள் டாப் வாங்க வருவார். மெஸ் வைக்கும் மச்சானைக் கூட்டிவந்து பெரிய டில்டிங் கிரைண்டர் எடுக்க வைப்பார். வேண்டாம் என்று சொன்ன வாய்க்குத்தான் அந்த மரியாதை. கடையின் வியாபாரமே அந்த "வேண்டாம்" மேல்தான் நின்றது.

தேடலின் மேலே வரும் அந்தச் சுருக்கம், கூகுளின் ஏஐ ஓவர்வியூ, 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழ் அதற்குப் பிறகு. வந்த சில மாதங்களிலேயே எங்கள் தொழிலில் எல்லோரும் ஒன்றையே பேச ஆரம்பித்தோம். பக்கத்தை இயந்திரம் எடுத்துக்கொள்ளத் தோதாக மாற்று. கேள்வியைத் தலைப்பாக வை, பதிலை முதல் இரண்டு வரியில் வை, ஒவ்வொரு பத்தியும் தனியாகப் பிய்த்து எடுத்தாலும் பொருள் தர வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் 2023 கடைசியில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை நானும் படித்தேன். புள்ளிவிவரம், மேற்கோள், ஆதாரம் சேர்த்த பக்கங்கள் ஏஐ பதில்களில் தென்படுவது 40 சதவீதம் வரை கூடியது என்பது அதன் முடிவு. எண் இருந்தால் எடுத்துக்கொள்ளும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அண்ணாவிடம் போய்க் கேட்டேன். "எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா கொத்தணுங்கண்ணா?"

"அது வீட்டுக்கு வீடு மாறும் தம்பி. தினம் ஆட்டுற மெஸ்ஸுக்கு ஒரு கணக்கு, வாரம் ஒருக்கா ஆட்டுற வீட்டுக்கு ஒரு கணக்கு. என்ன போட்டு ஆட்டுறாங்கன்னும் இருக்குதில்லீங்களா?"

"பொதுவா ஒரு நம்பர் சொல்லுங்கண்ணா."

கொஞ்சம் யோசித்து, மனசில்லாமல் ஒரு எண் சொன்னார். அதைத் தலைப்புக்குக் கீழே முதல் வரியாக வைத்தேன். அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை, ஏற்கெனவே வேண்டிய அளவு பரவிவிட்டது. உளுந்து விஷயத்தை இரண்டு வரிக்குச் சுருக்கினேன். "எதுக்கும் ஒரு போன் போடுங்க" என்ற வரியை எடுத்துவிட்டேன். அது தகவல் இல்லை, எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்று அன்று நினைத்தேன்.

வேலை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் அந்தக் கேள்விக்கு ஏஐ தரும் பதிலில் எங்கள் வரிகள் கிட்டத்தட்ட அப்படியே வந்தன. அந்த எண், அப்புறம் "உளுந்து பழையதா என்று முதலில் பாருங்கள்". பக்கத்தில் சின்னதாகக் கடையின் பெயர். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் அனுப்பினேன். இத்தனை பெரிய கம்பெனிகளின் பக்கங்களை விட்டுவிட்டு ஒரு சின்னக் கடையின் சொல்லை எடுத்திருக்கிறதே என்று.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு "வேண்டாம்" என்று சொல்வது இயந்திரம். அவருக்குக் காசு மிச்சமானது, நல்லதுதான். ஆனால் அந்த நன்றி எங்கே போய்ச் சேரும்?

இந்த இடத்தில் நின்று எனக்காக வாதாடுவேன். நான் செய்யாவிட்டாலும் அது நடந்திருக்கும். எங்கள் பக்கம் இல்லாவிட்டால் இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்திருக்கும், அதில் உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இருந்திருக்காது, நல்ல கல்லைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அலைந்திருப்பார்கள். அந்தச் சரியான பதில் ஆயிரம் வீட்டுக்குப் போவது தப்பா? தவிர, போன் குறைந்ததற்கு நான் மாற்றியதுதான் காரணம் என்று யாரால் சொல்ல முடியும்? ஏஐ பதிலுக்குள் வரும் நம் இணைப்பின் கணக்கை, தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி சாதாரணத் தேடல் கணக்கோடு சேர்த்தே காட்டியது. நான் பார்த்த அறிக்கைகளில் அதைத் தனியாகப் பிரிக்க வழி இருக்கவில்லை. மழைக்காலம் என்பதாலும் இருக்கலாம், ஜனங்கள் கடைமாவு வாங்கப் பழகிவிட்டதாலும் இருக்கலாம்.

இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் ஒன்று மீதி இருக்கிறது. கதவைச் சாத்த ஒரு வழி இருந்தது. அதை நான் அண்ணாவிடம் சொல்லவே இல்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்தின் நிரலில் நோஸ்னிப்பெட் என்ற குறிப்பைப் போட்டால் கூகுள் அதன் வரிகளை எடுத்துப் பதிலில் காட்ட முடியாது. பக்கம் முழுவதற்கும் வேண்டாம் என்றால் ஒரு பத்திக்கு மட்டும் போடலாம். ஏஐயைப் பயிற்றுவிக்க நம் பக்கத்தை எடுக்காமலிருக்க கூகுள்-எக்ஸ்டெண்டட் என்று ஒரு தடுப்பு 2023இலிருந்து இருக்கிறது, ஆனால் அது தேடலில் வரும் ஏஐ பதிலைத் தடுக்காது. பலர் அதைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோஸ்னிப்பெட்டிலும் ஒரு சங்கடம் உண்டு: சாதாரண முடிவுகளிலும் நம் தலைப்புக்குக் கீழே இருக்கும் விவரம் போய்விடும், வெறும் மொட்டைத் தலைப்பு நிற்கும். அதை யார் தொடுவார்கள்? இதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவரைக் குழப்பி என்ன பிரயோஜனம் என்றும் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த கோடு என்னுடையது. சாத்தியிருந்தால் அந்தக் கோடு விழும். அடுத்த மாதம் காட்ட என்னிடம் எதுவும் இருக்காது. அவருக்காக யோசித்தேனா, கோட்டுக்காக யோசித்தேனா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சர்ச் கன்சோல் மாதிரிதான், இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்து கிடக்கிறது. அந்தச் சொல் அவருடையது. ஒரு மணி நேரம் பேசிக் கொடுத்தவர் அவர். எங்கே எடுத்துக்கொள்ளலாம், எங்கே கூடாது என்பதை அவரல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

போன மாதம் அந்தப் பழைய வரியைத் திருப்பிப் போட்டேன். அடியில் இல்லை, மேலேயே, அவர் பேசிய மாதிரியே. சத்தத்தைக் கேட்டே சொல்லிருவேன் என்பதை இயந்திரம் எடுத்துச் சொன்னாலும் அண்ணா மாதிரி அதனால் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல முடியாது என்று ஒரு நம்பிக்கை. அதுவும் எத்தனை நாளைக்கோ. கேமராவைக் காட்டிக் கேள்வி கேட்கிற காலம் வந்துவிட்டது, அடுத்த வருடம் எப்படியோ. அந்த எண்ணையும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வீடு மாறும் என்று எழுதினேன். தேடலில் பழைய எண் இன்னும் வருகிறது. எங்களிடமிருந்து எடுத்து வேறு இரண்டு தளங்கள் எழுதிவிட்டன, இப்போது அவைதான் ஆதாரம்.

பத்து நாளுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கடைக்குப் போனேன். அண்ணா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, என்னைப் பார்த்து இருங்க என்று கை காட்டினார். அந்தப் பக்கம் ஒரு கிரைண்டர் ஓடுவது எனக்கே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பேரிங்குங்க. கல்லுக்கு ஒண்ணுமில்லை" என்றார். வைத்ததும் நோட்டில் ஒரு கோடு.

"எங்க பார்த்து நம்பர் எடுத்தாங்கன்னு கேட்டீங்களாண்ணா?"

"அதைக் கேக்கலை தம்பி."

அப்புறம் சொன்னேன். சாத்த வழி இருக்கிறது, அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சாத்தினால் இது போகும், சாத்தாவிட்டால் அது போகும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். முதல் பக்கத்தில் எந்தக் கோட்டை ஏன் வைத்தேன் என்பதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, சாத்துனா நல்லதா, தொறந்து வெச்சா நல்லதா? அதைச் சொல்லுங்க. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்குது" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உளுந்துப் பத்திக்கு மட்டும் தடுப்புப் போட்டு ஒரு மாதம் நோட்டையும் கோட்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. நேற்று ராத்திரி அந்தப் பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேற கடையில கால் கிலோ உளுந்து வாங்கி ஒருக்கா ஆட்டிப் பாருங்க. இதை யார் கண்ணிலிருந்து மறைக்கப் போகிறேன் என்று தெரியாமல் மூடிவிட்டுப் படுத்தேன். நாளைக்கு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.