கொலர் தைத்த கையும் முருங்கையிலை வறையும்

போன கிழமை தையலுக்கான என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) நான்காம் மட்டச் சான்றிதழ் கைக்கு வந்தது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் உறைக்குள் வைத்தேன். அந்த இலக்கத்தால் நான் பட்ட பாடு அப்படி. கார்மென்ட்ஸை விட்டு வேறு வேலைக்குப் போக நினைக்கும் தங்கச்சிமார் யாராவது இருந்தால், இதை வாசித்துவிட்டுக் காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 9 வருடம் இருந்தேன். அவ்வளவு காலமும் சட்டைக் கொலர் தைப்பதுதான் வேலை. விடியக் கறுக்கலில் தருமபுரத்தில் பஸ் ஏறுவேன். காலையில் ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும், பத்து மணிக்கு இன்னொரு தேத்தண்ணி. நாரிப்பிடிப்பு ஒரு பக்கம், தலைச்சுற்று இன்னொரு பக்கம். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்கள். அந்த நேரம்தான் ஒரு பயிற்சி நிலையத்தில் தையல் போதனாசிரியர் தேவை என்று கேள்விப்பட்டேன். என்.வி.கியூ. லெவல் 4 கட்டாயம் வேண்டும் என்றார்கள். வேலையை விடுவதில் சிக்கல் இருக்கவில்லை, கடிதம் கொடுத்து ஒரு மாதத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அனுபவம் உள்ளவர்கள் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். ஆர்.பி.எல். என்று சொல்வார்கள். அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும், செய்தும் காட்ட வேண்டும். ஆதாரம் என்ற இடத்தில்தான் நான் விழுந்தேன்.

தொழிற்சாலையில் இருந்து சேவைக் கடிதம் வர மூன்று கிழமை. வந்ததும் பிரித்துப் பார்க்காமலே கோப்புக்குள் வைத்து, கிராம அலுவலரிடம் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி, எல்லாவற்றையும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கோப்பைத் தள்ளிவிட்டார். "தங்கச்சி, இது ஒரு ஆம்பிளையின்ர நம்பர். கம்பனியிட்டப் போய்த் திருத்திக்கொண்டு வாங்கோ."

எனக்கு விளங்கவேயில்லை. பக்கத்தில் நின்ற ஓர் ஐயாதான் விளங்கப்படுத்தினார். அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடத்துக்குப் பிறகு வரும் மூன்று எண்களும் வருடத்தின் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய ஒன்பது எண் இலக்கத்தைப் புதிய பன்னிரண்டு எண்ணுக்கு மாற்றித் தட்டச்சு செய்தவர், 6 வர வேண்டிய இடத்தில் 1 போட்டுவிட்டார். ஓர் எண் பிழைத்ததால் என் 9 வருடமும் வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

அந்த மனுசன் சொன்னது சரிதான். ஆனால் நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம். வெளியே வந்து மரத்தடி வாங்கில் இருந்தேன். கண் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டியா? முதல்ல சாப்பிடு. பிறகு அழு" என்றா.

பெட்டியைத் திறந்தேன். சிவப்பரிசிச் சோறு, பருப்புக்கறி, முருங்கையிலை வறை, ஒரு துண்டுப் பொரித்த குளத்து மீன். கடைசிப் பிடி சாப்பிடும்போது மனம் ஓரளவு அடங்கியிருந்தது. கையைக் கழுவிவிட்டு அப்படியே தொழிற்சாலைக்கு பஸ் ஏறினேன். பசியோடு இருந்திருந்தால் நேரே வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

வேலையை விட்ட நாளில் இருந்து நான் பிடிவாதமாக வைத்திருந்த ஒரே பழக்கம் அதுதான். எங்கே போனாலும் வீட்டுச் சாப்பாடு கையில் இருக்கும். சம்பளம் இல்லாத காலத்தில் கடைச் சாப்பாட்டுக்குக் காசு இல்லை என்பது ஒரு காரணம். காலையில் எழும்ப ஒரு வேலை வேண்டும் என்பது இன்னொன்று. கடிதம் எப்போது வரும் என்பது என் கையில் இல்லை, அடுப்பு என் கையில் இருந்தது.

வறை பெரிய வேலையில்லை. முருங்கை எங்கள் வேலியிலேயே நிற்கிறது. இலையை உருவி, கழுவி, நீர் வடிய விட்டுச் சின்னதாக அரிந்துகொள்ளுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய் வதங்கியதும் இலையைப் போட்டு மூடாமல் கிளறுங்கள். நிறம் மாறும் முன் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து இரண்டு பிரட்டு. இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் தேசிக்காய் பிழிய வேண்டும். இலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேசிப்புளி உதவும் என்று கிளினிக் மிஸ் சொன்னா. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள் என்றும் சொன்னா. 9 வருடமும் நான் செய்தது நேர் எதிர்.

திருத்திய கடிதத்தை அங்கேயே நின்று, எண் எண்ணாக வாசித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காசு விடயத்திலும் ஒன்று. வேலையை விட்டவுடன் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கலாம் என்று நம்பியிருக்காதீர்கள். கலியாணம் போன்ற சில காரணங்கள் இல்லாவிட்டால் பெண்களுக்கு 50 வயதுவரை கிடைக்காது. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) பணத்தை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.

கோப்பை ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டு நாளும் வந்தது. கொலர் தைக்கச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு தைத்தேன். மதிப்பீட்டாளர் கையில் எடுத்துப் பார்த்து, முனை இரண்டும் ஒரே அளவு என்று பாராட்டினார். அப்புறம் ஒரு துணியையும் அளவுநாடாவையும் தந்து, பிளவுசுக்கு அளவெடுத்து வெட்டச் சொன்னார். என் கை அசையவில்லை. 9 வருடத்தில் ஒருநாளும் நான் துணி வெட்டியதில்லை. வெட்டுவது வேறு பகுதி, எங்களுக்கு வெட்டித்தான் வரும். அந்தப் பகுதிக்கு மட்டும் "இன்னும் தேர்ச்சி இல்லை" என்று எழுதினார்கள்.

தொழிற்சாலை லைனில் தைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். எத்தனை வருட அனுபவம் என்று எண்ணாதீர்கள், எத்தனை வேலை தெரியும் என்று பாருங்கள். உள்ளே இருக்கும்போதே ஓவர்லொக், பட்டன்துளை, வெட்டுதல் என்று மாறிமாறிப் பழகிவிட்டு வெளியே வாருங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி வீட்டிலேயே தைக்கிறா. ஆறு கிழமை பின்னேரங்களில் அவவிடம் போனேன். காசு வேண்டாம் என்றுவிட்டா. போகும்போது வல்லாரைச் சம்பலோ குரக்கன் புட்டோ கொண்டுபோவேன். முதலில் பழைய பேப்பரில் வெட்டினேன், பிறகு பழைய சீலையில். கைக்குழி வளைவு மட்டும் வரவேயில்லை. இருபது தடவை வெட்டியிருப்பேன். ஒருநாள் மாமி என் கையின்மேல் தன் கையை வைத்துக் கத்தரிக்கோலை நடத்தினா. அன்றைக்குப் பிடிபட்டது.

இரண்டாம் மதிப்பீட்டில் வெட்டுவதற்கு 40 நிமிடம் எடுத்தேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. தேர்ச்சி.

வருகிற திங்கள் வேலை தொடங்குகிறது. பதினான்கு பிள்ளைகள் என்றார்கள். முதல் நாளே வெட்டுதலில் இருந்து தொடங்குவதாக முடிவு செய்து, வீட்டில் இருந்த பழைய பேப்பரையெல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். முருங்கையிலை ஞாயிறு பின்னேரம் உருவ வேண்டும்.