குளிர்காலத்தில் ஜயண்ட்ஸ் காசில் குகை: 6 மணிக் கணக்கை நம்பிக் கிளம்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையில், குவாசுலு-நடால் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் ஜயண்ட்ஸ் காசில் பூங்காவில் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை வாயில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். மற்ற ஆறு மாதமும் காலை 5 முதல் இரவு 7 வரை. அதனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்களுக்கும், டர்பனில் இன்னும் வெயில் அடித்தாலும், குளிர்கால நேரம்தான். தீபாவளிக்குப் போனால் கோடை நேரம்.

ஆனால் அங்குள்ள குகையில் சான் தொல்குடி மக்கள் தீட்டிய ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த 6 மணி உதவாது. குகையைச் சுற்றி வேலி உண்டு, வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காலை 9 முதல் பிற்பகல் 3 வரை மணிக்கொரு முறை அழைத்துப்போவார்கள். பத்து நிமிடம் பிந்தினால் அடுத்த மணி வரை வேலிக்கு வெளியே குளிரில் காத்திருக்க வேண்டியதுதான். முகாமிலிருந்து குகைக்குச் சுமார் 2 கிலோமீட்டர் நடை. இளவட்டங்களுக்கு அரை மணி போதும். பாட்டி தாத்தா கூட வந்தால் ஒரு மணி வையுங்கள், கடைசியில் ஏற்றம் இருக்கிறது. வழியில் ‘75’ என்று செதுக்கிய பாறையைத் தவறவிடாதீர்கள். ஹ்லூபி மக்களின் தலைவர் லங்கலிபலேலேயின் கிளர்ச்சியை ஒட்டி அங்கே முகாமிட்ட பிரிட்டிஷ் 75ஆம் படைப்பிரிவின் சமையல்காரர் 1874இல் செதுக்கியது அது.

3 மணிச் சுற்றை ஜூனிலும் ஜூலையிலும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மலைச்சுவர் மேற்கே நிற்கிறது. சூரியன் மறைய 5 மணிக்கு மேல் ஆகும் என்று நாள்காட்டி சொன்னாலும், பள்ளத்தாக்கில் நிழல் அதற்கு வெகு முன்பே விழுந்துவிடும். விழுந்த உடனே குளிர் ஏறும். திரும்பி வந்து வண்டியை எடுப்பதற்குள் இருட்டு. மூயி ரிவர் ஊர் வரையுள்ள சாலையில் குழிகளும் மாடுகளும் உண்டு, அதை வெளிச்சத்தில் கடப்பதே நல்லது. டர்பனிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 11 மணிச் சுற்று நிதானமாகக் கிடைக்கும். அதற்கும் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் நிழல் பாதையில் உறைபனி வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும்.

கிளம்புமுன் முகாமுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் தீத்தடுப்புப் பட்டைகளுக்காகப் புல்லை எரிப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வறண்ட காற்று எழும்பும் நாட்களில் காட்டுத்தீ அபாயம். இரண்டிலும் நடைபாதைகளை மூடக்கூடும். செப்டம்பர் வந்துவிட்டது, பனி போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள்: 2024 செப்டம்பரில்தான் பனிப்பொழிவு வான் ரீனன் கணவாய்ப் பக்கம் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையையே மூடியது.

மறுநாள் போயர் போர் நடந்த ஸ்பியன்காப் குன்றுக்குப் போகிறீர்களா? போக வேண்டும். 1900இல் அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், நம் தமிழர்களும் அதில் உண்டு. ஆனால் இயற்கைக் காப்பகத்தின் வாயில் வேறு, போர்க்களத்தின் வாயில் வேறு. காப்பகத்துக்கு வின்டர்டன் வழியாக ஆர்600 சாலை; போர்க்களக் குன்றுக்கு லேடிஸ்மித்–பெர்க்வில் சாலையான ஆர்616. தவறான வாயிலுக்குப் போய்ச் சுற்றி வந்தால் குளிர்காலப் பகலில் நல்ல ஒரு மணி நேரம் போய்விடும்.