அப்புத்தளை மலையில் ஆசீர்வாதப்பர் மடம்

அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து அடிஷம் பங்களா மூன்று கிலோமீட்டர்தான். ஓட்டோவில் போனாலும் நடந்து போனாலும் கிழமையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சனி, ஞாயிறு, போயா (முழுநிலா), பாடசாலை விடுமுறை நாட்களில்தான் கேட் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை போனால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோபித்துப் பயனில்லை, அது ஹோட்டல் அல்ல, துறவு மடம்.

கல் பங்களாவை 1931ல் கட்டியவர் தோமஸ் வில்லியர்ஸ் துரை. 1961ல் அது கண்டி அம்பிட்டிய மடத்தின் கைக்கு வந்தது. வரவேற்பறையையும் நூலகத்தையும் மட்டும் காட்டுவார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். துரையின் கதிரை மேசையைவிட இங்கே இருப்பவர்களின் கதைதான் பெரிது.

இவர்கள் கத்தோலிக்கத் துறவிகள், ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபையில் சில்வெஸ்திரின் பிரிவு. இத்தாலியின் ஓசிமோ ஊரில் குருவாக இருந்தவர் சில்வெஸ்தர் குசோலினி. அழகுக்குப் பேர்போன உறவினர் ஒருவரின் அழுகிய பிணத்தைத் திறந்த கல்லறையில் கண்டதும் எல்லாவற்றையும் விட்டுக் குகைக்குப் போனார் என்பது சபையின் வழிவழிக் கதை. 1231ல் மொந்தே ஃபானோ மலையில் மடம் எழுப்பினார். அம்பிட்டிய மடத்துக்கும் அதே பெயர்தான். இப்பிரிவிலிருந்து இலங்கைக்கு முதலில் வந்தவர் ஜோசப் பிராவி, 1845ல். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியை 1854ல் தொடங்கியதும் இவர்களே.

இவர்களின் நாள் ஓடுவது ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின்படி. மொத்தம் 73 அதிகாரங்கள். 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் பாண். வாசல் காப்பவர் விவேகமுள்ள கிழவராக இருக்கவேண்டுமாம், வயதானவர் ஊர்சுற்றப் போகமாட்டார் என்பதால்! ஆசீர்வாதப்பர் மனிதரை அறிந்த ஆள்.

தோட்டத்துப் பழத்தில் செய்த ஜாம், ஜெலி விற்கும் மேசைக்கு முன்னால் அந்த ஒழுங்கின் 57ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மடத்துப் பொருளை வெளியார் விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்கவேண்டும் என்கிறது அது. தன் கைத்திறமையால்தான் மடம் பிழைக்கிறது என்று ஒருவர் பெருமைப்பட ஆரம்பித்தால், அந்த வேலையிலிருந்தே அவரை எடுத்துவிட வேண்டும்.

ஜாம் கண்ணாடிப் போத்தலில் வரும். துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ரயிலின் மேல்தட்டு வேண்டாம். பதுளைப் பாதையின் ஆட்டத்துக்கு எந்தப் போத்தலும் தாங்காது.