மேங்க்ஸ் நார்ட்டன்: பெவல் கியருக்கு ஷிம் வைக்கும் வேலை

நான் கட்டிக்கொண்டிருக்கும் மேங்க்ஸ் நார்ட்டன், அதாவது பிரிட்டிஷ் ரேஸ் பைக், இன்ஜினில் ஹெட் ஏறிவிட்டது. அடுத்து கேம் டிரைவ்: வால்வைத் திறக்கும் கேமைக் கிராங்கிலிருந்து சுற்றவைக்கும் அமைப்பு. இன்ஜின் 1954-க்குப் பிந்தைய குட்டை ஸ்ட்ரோக் 500: போர் (சிலிண்டர் விட்டம்) 86, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 85.6 மி.மீ.

இதில் கேமுக்குச் செயின் கிடையாது. கிராங்க் பக்கம் ஒரு ஜோடி பெவல் கியர் (சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் கூம்புப் பல்சக்கரம்), சிலிண்டரை ஒட்டிய குழாய்க்குள் செங்குத்தாக ஒரு ஷாஃப்ட், மேலே இன்னொரு ஜோடி பெவல், அதிலிருந்து பல்சக்கர வரிசை வழியாக இரண்டு கேம்.

கீழ் ஜோடி சீக்கிரம் அமைந்தது. மேல் ஜோடிதான் உயிரை வாங்கியது. பல்லில் நீல மை தடவிச் சுற்றினால் தடம் ஓரத்திலேயே விழுகிறது. ஒரு கியரின் ஷிம்மை (இடத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகட்டு வளையம்) மாற்றினால் தடம் நடுவுக்கு வருகிறது, ஆனால் பற்களுக்கு இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளியான ப்ளே போய்விடுகிறது. கையால் சுற்றும்போதே கரகரப்பு. அப்புறம் ஜோடிக் கியரை விலக்கி, மறுபடி மை, மறுபடி டயல் கேஜில் ப்ளேயை அளப்பது. முழுச் சுற்றிலும் எங்கேயும் இறுக்கம் தட்டாதவரை விடவில்லை.

ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஓல்ட்ஹாம் கப்ளிங் என்ற வழுக்கும் இணைப்பு இருக்கிறது. இதன் அருமை கணக்குப் போட்டால்தான் புரியும். 300 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரி சூடேறினால் அலுமினிய இன்ஜின் சுமார் 0.7 மி.மீ. வளரும், எஃகு ஷாஃப்ட் அதில் பாதிதான். ஷாஃப்ட்டை விறைப்பாகப் பிணைத்திருந்தால் நான் பார்த்துப் பார்த்து வைத்த ஷிம்முக்கு அர்த்தமே இருக்காது. கப்ளிங் வழுக்கி இடம் கொடுப்பதால் பெவல் வைத்த இடத்திலேயே நிற்கிறது.

ஃப்ரேம் வேறொரு வண்டியினுடையது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 500 சிசி ஃபார்முலா 3 கார் ஓட்டியவர்களுக்கு நார்ட்டன் இன்ஜினை மட்டும் விற்காததால், முழு வண்டியாக வாங்கி இன்ஜினைக் கழற்றிக்கொண்டார்கள். மிஞ்சிய 'ஃபெதர்பெட்' என்ற நார்ட்டன் ஃப்ரேம்களில் டிரையம்ஃப் இன்ஜின் ஏறி 'ட்ரைட்டன்' ஆனது. பெல்ஃபாஸ்ட்காரர் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த இந்த ஃப்ரேமில்தான் 1950-இல் ரேஸ் வீரர் ஜெஃப் டியூக், ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் சீனியர் டிடி பந்தயத்தை ஜெயித்தார். ரெனால்ட்ஸ் 531 ரக எஃகுக் குழாய். ஸ்டீயரிங் ஹெட் அருகே மேல் குழாயும் முன் குழாயும் குறுக்கே கடந்து போகும். என்னுடையதில் அந்த இடத்துப் பற்றவைப்பில் விரிசல் இல்லை. ஸ்விங் ஆர்ம் துளையும் நேராகவே இருக்கிறது.

ஆயில் மட்டும் பாக்கி. விளக்கெண்ணெய் ரகமா, மினரலா? இரண்டையும் கலக்கக் கூடாது, உள்ளே கொழகொழவென்று திரண்டுவிடும். வாசனைக்காக மனசு விளக்கெண்ணெய்ப் பக்கம் சாய்கிறது. ஆனால் மாதக்கணக்கில் சும்மா நிற்கப்போகிற இன்ஜினில் அது பிசினாகும். மினரல்தான் ஊற்றப் போகிறேன்.