விதைக்கேற்ற முட்டை

சென்ற வாரம் தட்டைப்பயறு டப்பாவைத் திறந்தபோது, பயறுகளின் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவை பயறு வண்டின் முட்டைகள். நகத்தால் சுரண்டினாலொழிய வருவதில்லை. இட்ட புதிதில் கண்ணாடிபோல் இருக்கும் முட்டை, உள்ளிருக்கும் புழு அடிப்பக்கமாகவே துளைத்து விதைக்குள் இறங்கும்போது, அது பின்னால் தள்ளும் துகளும் கழிவும் ஓட்டுக்குள் நிறைந்து வெளுத்துவிடுகிறது. வெள்ளை தெரிந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று பொருள்.

பயற்றைக் கொட்டிவிட்டேன். ஆனால் இந்த வண்டின் அமெரிக்க உறவினர் ஒன்று அன்று முழுவதும் நினைவில் நின்றது. ஸ்டேட்டர் லிம்பேட்டஸ் என்னும் அந்த வண்டு, அரிசோனாவின் வறண்ட நிலங்களில் இரு மரங்களின் விதைகளில் முட்டையிடுகிறது. ஒன்று, பூனை நகம்போல் வளைந்த முள்ளுடைய வேல மர இனம்; அதன் விதைக்குள் புழு எளிதில் நுழைந்துவிடும். மற்றது நீல பாலோ வெர்டே. அதன் விதைத்தோலே மரத்தின் அரண், அதைத் துளைக்கும் முயற்சியிலேயே பெரும்பாலான புழுக்கள் மடிகின்றன. வேல விதையில் சிறிய முட்டைகளைப் பலவாகவும், பாலோ வெர்டே விதையில் பெரிய முட்டைகளைச் சிலவாகவும் தாய் வண்டு இடுகிறது.

சார்லஸ் ஃபாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரே பெண் வண்டை ஒரு விதையிலிருந்து மற்றதற்கு மாற்றினால், அது இடும் முட்டையின் அளவும் மாறியது. வேல விதையோடு பழகிய தாயின் சிறு முட்டைகளைப் பாலோ வெர்டே விதையில் இடச் செய்தபோது, புழுக்கள் ஏறத்தாழ அனைத்தும் இறந்தன. தாய்க்கு இது 'தெரியும்' என்று எழுதக் கை தயங்குகிறது. முட்டை உடலுக்குள் முதிர்ந்துகொண்டிருக்கும்போதே கிடைத்த விதைக்கேற்ப அதன் அளவு மாறுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எப்போதும் பெரிய முட்டையே இட்டால் என்ன என்று தோன்றலாம். வளர்ந்த வண்டு எதையும் தின்னாமலே முட்டையிட வல்லது. புழுப்பருவத்தில் சேர்த்த கையிருப்பை வைத்தே அத்தனை முட்டைகளையும் உருவாக்க வேண்டியிருப்பதால், அளவு கூடினால் எண்ணிக்கை குறைந்தாக வேண்டும். வேல விதையில் அந்தச் செலவு வீண். பாலோ வெர்டேயிலோ, அவ்வளவு செலவழித்த பின்னும் பெரும்பாலான புழுக்கள் விதைத்தோலைத் தாண்டுவதில்லை.