பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பாவின் பேச்சு

பாரிசவாதம் வந்த அப்பாவுக்கு வலது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு வரவில்லை. வார்ட்டில் எல்லோரும் அவரை விட்டுவிட்டு என்னிடமே கதைத்தார்கள். பார்க்க வந்த ஒரு உறவினர், "பாவம், இனி இவருக்கு ஒண்டும் விளங்காது" என்று அவர் முன்னாலேயே சொன்னார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விளங்காமலா திருப்பினார்?

பேச்சுச் சிகிச்சையாளரிடம் போன பிறகுதான் எங்களுக்கே தெளிவு வந்தது. இதற்குப் பெயர் அஃபேசியா. மூளையின் இடது முன்பகுதி பாதிக்கப்பட்டால் மற்றவர் சொல்வது பெரும்பாலும் விளங்கும், பதிலுக்குச் சொல்தான் அகப்படாது. 1861இல் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர், 'டான்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாதிருந்த ஒரு நோயாளியின் மூளையில் கண்ட பாதிப்பு இந்தப் பகுதியில்தான். நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சுக் குழறுவது வேறு, அதற்குப் பயிற்சியும் வேறு.

கொழும்பில் தமிழில் சிகிச்சை தருபவரைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. எங்களுக்குக் கிடைத்தவர் சிங்களவர், மிகவும் பொறுமைசாலி. நான் கூடவே இருந்து மொழிபெயர்த்தேன். தேத்தண்ணிக் கோப்பைப் படத்தைக் காட்டினால் அப்பா "சாவி" என்பார், பிழை என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கொடுத்தால் பத்துவரை ஓடும். தேவாரமும் அப்படியே, முழு வரியும் தடங்காமல் வரும். பழகிப்போன வரிசையும் ராகமும் பலருக்கு இப்படி மிஞ்சுமாம். புறக்கோட்டையில் கடை நடத்தியவர் என்பதாலோ என்னவோ, தானாக வந்த முதல் சொல் "கீயத?" சிங்களத்தில் 'எவ்வளவு?' என்று அர்த்தம். அம்மாவின் பெயர் அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அம்மாவுக்கு அதில் மனவருத்தம். இரண்டு மொழியும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டுமென்றில்லை என்று சிகிச்சையாளர் அவரை உட்காரவைத்து விளக்கினார்.

வீட்டிலும் மாறினோம். கதைக்கும்போது டிவி நிறுத்தம். "என்ன வேணும்?" என்று கேட்காமல் "சோறா, இடியப்பமா?" என்று கேட்போம். அவர் சொல்லைத் தேடும்போது நாங்கள் முந்திச் சொல்வதில்லை. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படியென்றால், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே பேச்சுச் சிகிச்சைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது அப்பா பஸ்ஸில் தனியாகப் போகிறார். சட்டைப்பையில் மூன்று மொழியிலும் ஓர் அட்டை: 'எனக்குப் பாரிசவாதம் வந்தது. நீங்கள் சொல்வது விளங்கும். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் தாருங்கள்.' போன்தான் இன்னும் சிரமம். இரண்டு தரம் "ஹலோ" சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதனால் சொந்தக்காரர் எல்லோரையும் வீடியோவில் எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.