முதலில் சுற்றி நிற்பவர்களை வெளியே அனுப்புவேன்

அரசு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். பிறக்கும் குழந்தையைத் தத்துக்கு ஒப்படைத்துவிட நினைக்கும் பெண்களிடம் பேசுவதும் என் வேலை. "குழந்தை வேண்டாம்" என்ற பேச்சு பெரும்பாலும் கர்ப்பிணியின் வாயிலிருந்து முதலில் வருவதில்லை. அம்மா சொல்வார், பெரியம்மா சொல்வார், சில சமயம் யாரென்றே தெரியாத ஒரு 'அண்ணன்' சொல்வார். அவர்களையெல்லாம் டீ குடித்துவிட்டு வரச் சொல்வேன். அப்புறம்தான் பேச்சு.

எங்களிடம் வரும்போது பலருக்கும் கருக்கலைப்புக்கான காலம் தாண்டியிருக்கும். மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அந்த உரிமை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

"இப்பவே கையெழுத்து வாங்கிக்கோங்க மேடம், பிறந்ததும் எடுத்துட்டுப் போயிடட்டும்" என்பார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையை ஒப்படைக்கச் சட்டத்தில் இடமில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தை பிறந்த பிறகு அதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். குழு தாயிடம் பேசும், விசாரிக்கும். ஒப்படைப்புப் பத்திரம் அதன் பிறகுதான். மணமாகாத தாய் தனியாகவே கையெழுத்திடலாம். தம்பதி என்றால் இருவரும் போட வேண்டும். புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாத பெண்ணிடம் இதை விளக்குவதுதான் எனக்குப் பெரிய சங்கடம். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற 2 மாதம் அவகாசம் உண்டு. இதைக் கேட்டதும் தாயின் முகம் கொஞ்சம் தளரும். சுற்றியிருப்பவர்களுக்கோ எரிச்சல் வரும்.

"நல்ல வசதியான வீடா பாருங்க" என்பது அடுத்த கோரிக்கை. தத்தெடுக்கக் காத்திருப்பவர்கள் மத்திய இணையதளத்தில் பதிவு செய்து வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பெற்றவளாலும் முடியாது, என்னாலும் முடியாது. சித்தியோ மாமாவோ எடுத்துக்கொள்ள முன்வந்தால் அதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. 'தெரிந்த வீடு' என்று யாராவது பணப் பேச்சோடு வந்தால், அது குழந்தை விற்பனை. 5 ஆண்டு வரை சிறை. 2019-ல் இராசிபுரத்தில் வெளியே வந்த பச்சிளங்குழந்தை விற்பனை விவகாரத்துக்குப் பிறகும் இந்தப் பேச்சு நின்றபாடில்லை.

பத்திரம், குழு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும் பெண்கள், கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பது வேறு: "பால் கொடுக்கலாமா?" கொடுக்காதே, பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று வார்டில் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம், கொடுத்தால் ஒப்படைக்க முடியாது என்றும் இல்லை என்பேன். பாசம் வந்துவிடுமே என்று பயந்து எடுக்கும் முடிவு, முடிவே இல்லை என்பது என் எண்ணம். பாலும் கொடுத்து, பெயரும் வைத்து, தெளிவாக ஒப்படைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"பெரியவனானா என்னைத் தேடி வருவானா?" என்றும் கேட்பார்கள். தேடலாம். ஆனால் ஒப்படைக்கும்போதே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று தாய் கேட்டிருந்தால், அவள் சம்மதிக்காமல் விவரத்தைத் தர மாட்டார்கள். இதில் நிம்மதி அடைகிறவர்களும் உண்டு, வாடிப் போகிறவர்களும் உண்டு.

ஒரு பெண்ணுக்கு உண்மையான சிக்கல் பணம் மட்டும்தான். கணவர் விட்டுப் போய்விட்டார், மூத்தது ஒன்று கையில். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கும் என்று அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனு எழுதினோம். குழந்தையை வீட்டுக்கே கொண்டுபோனார். எல்லாமே இப்படி முடிவதில்லை. பணம் தந்தாலும் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன பெண்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.